முத்தின நாத்து

"அப்பா, செடி பூத்துடுச்சு."

"பூக்கட்டுமேடா. பூக்கத்தானே நட்டீங்க?"

"இல்லப்பா. முழங்கால் ஒயரம்கூட வரலை. அதுக்குள்ள பூ வச்சுடுச்சு. பத்து ஏக்கரும்."

பெரியநாயகசாமி அப்போது கொல்லையில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் விலக்கிக்கொண்டிருந்தார். கையில் மண்வெட்டி. போனை மருமகள் சான்ட்ராதான் அவர் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள். இங்கே காலை வெயில் இன்னும் தென்னை மட்டைக்கு மேலே ஏறவில்லை. போனுக்குள் இருந்த லியோவுக்குச் சாயங்காலம். ஆனாலும் அவன் முகத்தில் அடித்த வெயில் இங்கே அடித்ததைவிடக் கூடுதலாக இருந்தது.

"காட்டு பாப்போம்."

லியோ போனைத் திருப்பினான். கறுப்பு மண்ணில் கண்ணுக்கெட்டின தூரம் வரிசை. வரிசை சுத்தமாகத்தான் இருந்தது. செடிதான் எழும்பவில்லை. நட்ட அன்றைக்கு எப்படி இருந்ததோ அதற்கு ஒரு சாண் மேலே. உச்சியில் மட்டும் வெளிறின பச்சையில் சின்னதாக ஒரு கொத்து.

"சத்து இல்லையா?"

"எல்லாம் குடுத்தாச்சுப்பா."

"தண்ணி?"

"தண்ணிக்கு என்னப்பா இங்க பஞ்சம்."

பெரியநாயகசாமியின் காலடியில் கிடந்த குறுவை நாற்று, போர்த் தண்ணீரின் உப்பைக் குடித்து நுனி மஞ்சளித்து நின்றது. மேட்டூர் திறந்தாச்சு என்று டிவியில் பூத்தூவிக் காட்டி எவ்வளவோ நாளாகிவிட்டது. தரங்கம்பாடிக்கு மேற்கே இந்தக் கடைமடைக்கு வாய்க்காலில் நண்டுதான் ஓடியது.

"போட்டோ புடிச்சு அனுப்பு. கலந்தர்கிட்ட காட்டுறேன். பூச்சி, நோவு எதுன்னாலும் அவன் ஒரு பார்வையில சொல்லிடுவான்."

"கலந்தர் மாமாகிட்டயா? வேணாம்ப்பா. நீங்களே..."

"ஏன், அவன் கெட்டிக்காரன்டா."

சான்ட்ரா சட்டென்று போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என்ன பேசினார்களோ, திரும்பி வரும்போது மூக்கு சிவந்திருந்தது. அவளுக்கு இந்தச் செடி எவ்வளவு முக்கியம் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒரு மாத லீவில் வந்து, மாதா கோயிலில் தாலி கட்டிவிட்டுப் போனவன் லியோ. அதற்கப்புறம் இரண்டு கிறிஸ்துமஸ் போயாச்சு. கனடாவில் எட்மண்டனுக்கும் வடக்கே ஒரு பண்ணையில் வேலை. கோதுமை போட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரர், ஏதோ மருந்துச் செடிக்கு மாறியிருந்தார். இந்த வெள்ளாமை தேறினால் வேலைப் பத்திரத்தை நீட்டித்துத் தருகிறேன், உன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொள் என்று சொல்லியிருந்தார். சான்ட்ராவின் பெரிய பெட்டி பீரோவுக்கு மேலே, ஸ்வெட்டரெல்லாம் அடுக்கிப் பூட்டி, அந்தச் செடிக்காகக் காத்திருந்தது.

மருந்துச் செடி என்றுதான் லியோ சொன்னான். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. விண்ணரசி மட்டும், மகனுடைய பயிர் நன்றாக வந்தால் வெள்ளியில் அதன் இலையைச் செய்து வேளாங்கண்ணிக்குப் போடுவதாக வேண்டிக்கொண்டாள். போன வருஷத்துப் போட்டோ ஒன்றைச் சான்ட்ராவின் போனில் வைத்துக்கொண்டு மாயவரத்துப் பத்தரிடம் போய், இலையையும் செய்து வாங்கி வந்துவிட்டாள். பயிர் அறுத்தவுடன் போகவேண்டியதுதான். "வீடு, தொட்டில், கையி, காலுன்னு எல்லாம் பண்ணியிருக்கேம்மா, இந்த இலையை இப்பத்தான் பண்றேன்" என்று பத்தர் சொன்னாராம். சொல்லிவிட்டு மீசைக்குள்ளே சிரித்தாராம். வெள்ளி விற்கிற விலைக்குச் சிரிக்கத்தானே செய்வான் என்று விண்ணரசி நினைத்துக்கொண்டாள்.

அந்தப் பயிருக்குப் பெரியநாயகசாமிதான் வாத்தியார். போன வருஷம் லியோ புலம்பினான்.

"பொழுது நீளமா இருக்கிற வரைக்கும் வளந்துகிட்டே போவுதுப்பா. ஆள் ஒயரம். ஆனா பூக்க மாட்டேங்குது. பொழுது சுருங்கினாத்தான் பூக்குமாம். அது பூக்கிறதுக்கும் பனி கொட்டுறதுக்கும் சரியா இருக்கு. எல்லாம் கருகிப் போச்சு."

"அட, நம்ம சம்பா மாதிரிடா! எங்கப்பா காலத்துச் சம்பாவெல்லாம் அப்படித்தான். நீ எப்ப வெதச்சாலும் சரி, பொழுது சுருங்கினாத்தான் கதிர் வாங்கும்."

இந்த வருஷம் அங்கே பனி விலகவே தாமதம். மண் ஐஸாகக் கிடக்கிறது, விதை போட முடியவில்லை என்று முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"வெளியில போட முடியலேன்னா உள்ள நாத்து விடுங்கடா. கண்ணாடிக் கொட்டகை இருக்குன்னியே. நெருக்கமா தெளிச்சு வுடு. மண்ணு சூடானதும் பறிச்சு நட்டுட வேண்டியதுதான். வெதைக்கிறவனுக்கு நீ ஒரு மாசம் முன்னாடி நிப்ப."

"அதுவரைக்கும் நாத்து தாங்குமாப்பா?"

"சம்பாதானேடா? சம்பா நாத்து கொஞ்சம் முத்தினாலும் தாங்கும்."

"ம்" என்றான் லியோ.

அந்த 'ம்' போதும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கொல்லையில் கிடந்த அறுகம்புல்லையே நாற்றாக வைத்துக்கொண்டு, எப்படிப் பறிப்பது, வேர் மண்ணை எப்படிக் குதிகாலில் தட்டி உதிர்ப்பது, கைப்பிடிக் கட்டாக முடிந்து அந்த முடியை எப்படி வீசுவது என்று செய்து காட்டினார். சான்ட்ரா வீடியோ எடுத்து அனுப்பினாள். முதலாளி அதை மூன்று தரம் போட்டுப் பார்த்துவிட்டு 'புரொஃபசர்' என்றாராம். அந்தச் சொல் தெரு முழுக்கப் போயிற்று. நடவாள் ரெத்தினம்கூடக் கேட்டாள்.

"ஏன்ய்யா, கனடாவுக்கு நடவுக்கு ஆள் வேணும்னா சொல்லுங்க. நாங்க ஒரு வேன் புடிச்சு வந்துடுறோம்."

"அங்க சேறு இல்ல ரெத்தினம், எல்லாம் பனிக்கட்டி."

"அப்ப நடவு முடிச்சுட்டு அப்படியே ஐஸும் தின்னுட்டு வரலாம்."

*

கலந்தரின் உரக்கடையில் யூரியா வாசனையும் ஏலக்காய் டீ வாசனையும் ஒன்றாக அடிக்கும். கலந்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"என்ன சாமி, இலைச்சுருட்டுப் புழுவா?"

"நம்ம வயல் இல்லப்பா. கனடா வயல். பையன் அனுப்பியிருக்கான். பருவத்துக்கு முன்னாடி பூத்துடுச்சாம்."

கலந்தர் போனை வாங்கினார். விரலால் படத்தை அகட்டினார். இன்னும் அகட்டினார். பிறகு கடைக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தார்.

"இதை இன்னும் யார்கிட்டல்லாம் காட்டினீங்க?"

"உன்கிட்டதான் மொதல்ல. ஏன்?"

"வேற யாரும் பாக்கலையே?"

"விண்ணரசி பத்தர்கிட்ட காட்டியிருக்கா. வேளாங்கண்ணிக்கு வெள்ளி இலை பண்றதுக்கு."

"யா அல்லா!" கலந்தர் சிரிக்க ஆரம்பித்தது இருமலில் போய் முடிந்தது. டீயை ஒரு வாய் குடித்து நெஞ்சைத் தட்டிக்கொண்டார். "சாமி, கோவிச்சுக்காதீங்க. இது கஞ்சா."

பெரியநாயகசாமி அவரையே பார்த்தார்.

"டிவியில பண்டல் பண்டலா புடிச்சுப் போட்டுக் காட்டுவானே, அதான். பயப்படாதீங்க, அங்க தப்பில்ல. கவர்மெண்டே லைசென்ஸ் குடுக்குது. என் மச்சான் டொராண்டோவுல இருக்கான்ல, அவன் சொல்லுவான், தெருவுக்குத் தெரு கடையாம், நம்ம ஊர் டீக்கடை மாதிரி."

"அது கெடக்கட்டும். நோவா, பூச்சியா, அதைச் சொல்லு."

"என்ன சாமி, கஞ்சான்னு சொல்றேன், நோவான்னு கேக்குறீங்க?"

"பத்து ஏக்கர்ப்பா."

கலந்தர் மறுபடி போனை நிமிர்த்தி, இந்தத் தடவை வியாபாரியாகப் பார்த்தார். "இலையில ஓட்டை இல்ல. சுருட்டலு இல்ல. பச்சை நல்லாவே இருக்கு. பயிருக்கு ஒண்ணுமில்ல சாமி. குட்டையா நின்னு போச்சு, அவ்வளவுதான். எதுக்கு நின்னுச்சுன்னு அதுக்குத்தான் தெரியும்."

*

வீட்டுக்கு வரும்போது விண்ணரசி நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை இறக்கிக்கொண்டிருந்தாள். சைக்கிளை நிறுத்தினதும் அவர் சொல்லிவிட்டார். சொல்லாமல் வைத்துக்கொள்ளத் தெரிந்த மனுஷர் இல்லை.

"கஞ்சாவா? கஞ்சான்னா, சாமியாரெல்லாம் புகைக்கிற கஞ்சாவா?"

"அதான்."

விண்ணரசி கரண்டியோடு அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயையோ, பூசையில பேர் சொல்லி வேண்டிக்கிட்டேனே! ரெண்டு ஞாயித்துக்கெழமை ஃபாதர் மைக்குல படிச்சாரே, 'அயல்நாட்டில் உழைக்கும் சகோதரர் லியோவின் பயிர் செழிக்க'ன்னு! ஊரே எழுந்து நின்னு 'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்'னு சொல்லிச்சே! என் வாயாலயே மாதாகிட்ட கஞ்சா வெளையணும்னு கேட்டிருக்கேனே!"

"கத்தாத. அங்க அது தப்பில்லையாம்."

"மாதாவுக்கு அங்கன்னும் இங்கன்னும் உண்டா?"

கூடத்துத் தூணைப் பிடித்தபடி சான்ட்ரா நின்றாள். "அத்தை, எனக்குத் தெரியும்."

"என்னடி தெரியும்?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே எங்கிட்ட சொன்னாரு. ஒத்துக்கிறதுன்னா ஒத்துக்கன்னாரு. மருந்துக்கும் போவுதுதான் அத்தை, முழுப் பொய்யி இல்ல."

"அப்ப பத்தர் கடைக்கு எங்கூட வந்து நின்னியேடி! ஒரு வார்த்தை சொன்னியா? அவன் மீசைக்குள்ள சிரிச்சான்டி!"

"சொன்னா நீங்க அவரை வேலைய விடச் சொல்லுவீங்க. விட்டுட்டா நான் எப்படி அத்தை போறது?"

விண்ணரசி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பெரியநாயகசாமி தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குப் போகவில்லை.

"ஏம்மா, இந்த வருஷம் போட்டது போன வருஷத்து வெதைதானே?"

"இல்ல மாமா. மாத்திட்டாங்க. போன வருஷம் பனியில போச்சுல்ல, அதுக்காக வேற ரகம். ஆட்டோன்னு சொல்லுவாரு."

"ஆட்டோன்னா?"

"அது பொழுதெல்லாம் பாக்காதாம் மாமா. மொளச்சு இத்தனை வாரம் ஆச்சுன்னா தானா பூத்துடுமாம். பனி வர்றதுக்குள்ள அறுத்துடலாம்னுதான் அதை வாங்கினாங்க. குளிர் ஊருக்குன்னே உள்ள ரகமாம்."

பிசைந்த கை நின்றது.

"பொழுதப் பாக்காதா?"

"பாக்காது மாமா."

"வயசுக்குப் பூக்கிறதா?"

"ஆமா மாமா."

"குறுவை" என்றார் பெரியநாயகசாமி.

விண்ணரசி முந்தானையை எடுத்துவிட்டுக் கேட்டாள். "என்னங்க?"

"கஞ்சாவோ கத்திரிக்காயோ, அது குறுவைடி. குறுவையப் போய் நான் சம்பான்னு நெனச்சு நாத்து வுடச் சொல்லியிருக்கேன். மாசத்துக்கு மேல கொட்டகைக்குள்ள வச்சிருந்திருக்கான். அதுக்கு வயசு நாத்தங்கால்லயே ஓடிப்போச்சு. பறிச்சு, வேரை ஒதறி நட்டா, அது மறுபடி மண்ணைப் புடிச்சு நிமிர்றதுக்குள்ள பூக்கிற வயசு வந்துடுது. எங்க வளரும்? நட்ட எடத்துலயே பூத்துட்டு நிக்கும்." தட்டிலேயே கையைக் கழுவினார். "ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை, குறுவைன்னு சொல்லியிருந்தா, பனி போனதும் நேரா மண்ணுல போடுடா, தொடாதன்னு சொல்லியிருப்பேனே."

எழுந்து கொல்லைப் பக்கம் போனார். அவருடைய நாற்றங்கால் அங்கே இருந்தது. குனிந்து ஒரு நாற்றைப் பிடுங்கி அடித்தண்டை நகத்தால் கீறிப் பார்த்தார். முத்திக் கணு வைக்க ஆரம்பித்திருந்தது.

*

அதற்கப்புறம் சில நாள் லியோ கூப்பிடவில்லை. சான்ட்ராவுக்கு மட்டும் எழுத்தில் ஏதோ வந்துகொண்டிருந்தது. கேட்டால், "வேலை ஜாஸ்தியாம் மாமா" என்பாள். பிறகு ஒரு காலையில், முன்பு நின்ற அதே இடத்தில், போனைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். லியோவுக்குப் பின்னால் செடி இல்லை, வரிசையும் இல்லை. புரட்டிப்போட்ட மண் மட்டும்.

"உழுதுட்டாங்களா?"

"ம். அறுத்துக் காயவைக்கிற கூலிக்குக்கூடக் காணாதுன்னு முதலாளி கணக்குப் பாத்தாரு. பூவு கட்டைவெரல் அளவுதான் இருந்துச்சு."

"யாரு உழுதது?"

"டிராக்டர் நான்தாம்ப்பா ஓட்டினேன்."

பெரியநாயகசாமி மண்வெட்டிப் பிடியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார்.

"ஏன்டா சொல்லல?"

"கஞ்சான்னு சொன்னா நீங்க..."

"கஞ்சாவ யார்றா கேட்டா? குறுவைன்னு ஏன்டா சொல்லல?"

"எனக்கு என்னப்பா தெரியும்? நான் என்னைக்கு வயல்ல எறங்கினேன்? எறங்க வந்தப்பல்லாம் நீங்கதானே, போ, போயிப் படின்னு வெரட்டினீங்க. நாத்துன்னா எல்லாம் ஒண்ணுன்னுதான் நெனச்சேன்."

"நான் சம்பாதானேன்னு கேட்டேன்ல? நீ 'ம்'ன்ன."

"அது கேள்வின்னே எனக்குத் தெரியலப்பா."

கொல்லைச் சுவரில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து, இவர்களைப் பார்த்துவிட்டுப் பறந்தது.

"முதலாளிகிட்ட என் பேரைச் சொல்லிடு. கெழவன் தப்பாச் சொல்லிட்டான்னு சொல்லு. நானே வேணாலும் போன்ல சொல்றேன்."

"வீடியோவ அவரும்தானேப்பா பாத்தாரு. அவரு கோவப்படல. நம்ம ரெண்டு பேருக்குமே இந்த வெதை புதுசுதான்னாரு. கை குடுத்தாரு. அப்புறம் பத்திரத்தை நீட்ட முடியாதுன்னாரு. பண்ணையவே விக்கப்போறாராம்."

"அப்ப வந்துடுடா."

"வந்தா திரும்ப முடியாதுப்பா. மறுபடி மொதல்லேர்ந்து. எவன் விசா குடுப்பான்?"

"வராட்டி?"

"டொராண்டோ பக்கம் ஒரு குடோன்ல ஆள் எடுக்கிறாங்க. பத்திரம் கேக்க மாட்டாங்க."

"பத்திரம் இல்லாமன்னா?"

"நான் அங்க வரவும் முடியாது. அவளை இங்க கூப்பிடவும் முடியாது."

"எத்தனை காலத்துக்கு?"

"தெரியலப்பா."

"வந்துடு லியோ" என்று அடுப்பங்கரையிலிருந்தே விண்ணரசி கத்தினாள். "கூழோ கஞ்சியோ குடிச்சுக்கலாம், வந்துடுய்யா!"

"வந்து என்னம்மா பண்ணட்டும்? அப்பாவே உப்புத் தண்ணியில நாத்துக்குப் பால் ஊத்திக்கிட்டிருக்காரு."

போனைப் பிடித்திருந்த சான்ட்ரா, படம் ஆடாமல், கையைக் கொஞ்சம்கூட இறக்காமல் கேட்டாள்.

"நீங்க என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?"

லியோ அவளைப் பார்க்கவில்லை. அப்பா நிற்கிற பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னான்.

"பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துட்டேன்."

*

வாய்க்காலில் தண்ணீர் வந்தபோது யாரும் பூத்தூவவில்லை. முதலில் நுரையும் சருகும் வந்தன, பிறகு முழங்காலளவு கலங்கல். ரெத்தினம் ஆட்களோடு வந்து நாற்றங்காலைப் பார்த்துவிட்டு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏன்ய்யா, இது நாத்தா, நாணலா?"

"நாத்துதான்."

"பறிச்சா கையக் கிழிக்கும்போல இருக்கே. அய்யா, தெரியாதவங்களுக்குச் சொல்லலாம். உங்களுக்குச் சொல்றதுக்கு என்ன இருக்கு. இத நட்டா தூர் வெடிக்காது. ரெண்டு கதிர், அதுவும் பதராப் போவும். மாட்டை வுட்டு மேய்ச்சுட்டு சம்பாவுக்குப் பாத்துக்குங்களேன்."

"சம்பாவுக்குத் தண்ணி நிக்கும்னு யாரு சொன்னா?"

"அப்ப தெரிஞ்சேவா நடச் சொல்றீங்க?"

"வேற நாத்து வச்சிருக்கியா?"

ரெத்தினம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாற்றங்காலுக்குள் இறங்கினாள். பறிக்கும்போது வேர்கள் அறுந்த சத்தம் வரப்பு வரைக்கும் கேட்டது. வழக்கமாக நடவுக்கு முன்னால் இருக்கிற கேலி, பாட்டு, வெற்றிலை ஒன்றும் அன்றைக்கு இல்லை.

காலைப் பலகாரத்தை எடுத்துக்கொண்டு சான்ட்ராவும் விண்ணரசியும் வந்தார்கள். விண்ணரசி தூக்குச்சட்டியை வரப்பில் வைத்தபடி, மருமகளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"அந்த வெள்ளி இலைய நான் என்னடி பண்றது? மாதாவுக்கும் போட முடியல, வீட்டுலயும் வச்சுக்க முடியல. உருக்கிடச் சொல்லட்டுமா?"

"இருக்கட்டும் அத்தை. அவரு போட்டதுல அது ஒண்ணுதான் முழுசா மிஞ்சின இலை."

சொல்லிவிட்டுச் சான்ட்ரா செருப்பைக் கழற்றினாள். போனைத் துண்டில் சுற்றி வரப்பில் வைத்தாள். இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷத்தில் அவள் வயலுக்குள் கால் வைத்ததில்லை. யாரும் வைக்கச் சொன்னதுமில்லை. இன்றைக்கோ நாளைக்கோ விமானம் ஏறப்போகிற பெண்ணை யார் சேற்றில் இறக்குவார்கள்?

"பாத்து, பாத்து. கனடாப் பொண்ணு எறங்குது, வழி வுடுங்கடி" என்றாள் ஒருத்தி. சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பெரியநாயகசாமி வரப்பிலிருந்து கூப்பிட்டார். "எதுக்கும்மா உனக்கு? மேல வா."

"சும்மாத்தானே மாமா இருக்கேன்."

"அது முத்தின நாத்தும்மா. நட்டாலும் ஒண்ணும் வராது."

"தெரியும் மாமா." ரெத்தினத்தின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். "எப்படி வைக்கணும் அக்கா?"

ரெத்தினம் ஒரு நாற்றுமுடியைப் பிரித்து அவள் கையில் பாதியைக் கொடுத்தாள்.

"சாதாரணமா ரெண்டு மூணு நாத்து வச்சாப் போதும். இது வயசானது, இனிமே பெருகாது. அதனால கொத்தா அள்ளி நெருக்கி நெருக்கி வையி. பெருவெரலால அமுக்கு. இல்ல, அவ்வளவு ஆழம் வேணாம். ம், அப்படித்தான். பின்னாலேயே போ, நட்டத மிதிச்சுடாத."

சான்ட்ரா வைத்தாள். ஒரு காலைப் பிடுங்கிப் பின்னால் வைத்தாள். மறுபடி வைத்தாள். அவள் வரிசை கோணலாகத்தான் போயிற்று, ரெத்தினம் திருத்தவில்லை. பெரியநாயகசாமி மண்வெட்டியோடு மடையில் நின்று, உள்ளே வருகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதி வயல் போனபோது வரப்பில் துண்டுக்குள் போன் அடித்தது.

விண்ணரசி எடுத்துப் பார்த்தாள். "லியோடி. புது நம்பரு, ஆனா அவன் போட்டோ காட்டுது. வந்து எடும்மா."

"கை சேறு அத்தை."

"நான் புடிச்சுக்கிறேன், நீ பேசு."

சான்ட்ரா நிமிரவில்லை. விண்ணரசி போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை கணவனைப் பார்த்தாள், ஒருமுறை மருமகளின் வளைந்த முதுகைப் பார்த்தாள். போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மறுபடி ஓய்ந்தது.

"அடுத்த முடிய வீசுங்க அக்கா" என்றாள் சான்ட்ரா.